கோட்டையற்ற புறக்கோட்டை

கொழும்பு மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தேசாதிபதிகளின் வரிசையையும் முற்றுகைகளின் திகதிகளையும் கொண்டே தம் ஏடுகளை நிரப்பினர். அவற்றைப் பயிலும் மாணவன் 1656இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றியதையும், 1796இல் அது ஆங்கிலேயர் வசமானதையும் அறிவான். அக்கோட்டையின் களஞ்சியங்களுக்கு அரிசி மூடைகளைச் சுமந்து சென்றவர் யார் என்று கேட்டால் விழிப்பான். அவனைக் குறைசொல்லிப் பயனில்லை. அவனுக்குக் கற்பிக்கும் எம் போன்றோரின் கையிலுள்ள நூல்களிலும் அதற்கு விடையில்லை.

ஏடுகள் கூறாதவற்றைச் சில வேளைகளில் தெருக்கள் கூறுகின்றன. புறக்கோட்டையில் அரைநாள் அலைந்து திரிபவர் காணும் வினோதங்கள் பல. முதலை இல்லாத முதலை வாசல், ஓநாய் வாழாத நாட்டில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு, காஸ் உற்பத்தி ஓய்ந்த பின்னும் காஸ் வேர்க்ஸ் என்றே வழங்கும் சந்தி, கடல் தெரியாத கடல் தெரு, உயிரற்ற உறுப்பினர் அமர்ந்திருக்கும் சபை மண்டபம். நடைபாதையிலோ, வெசாக் கூடு விற்ற அதே பலகையில் தீபாவளிக்குப் பட்டாசும் மார்கழியில் நத்தார் மரமும் ஏறும்; மழைத்துளி விழுமுன் தொப்பிகள் மறைந்து குடைகள் தோன்றும். நெல்லியடியிலிருந்து வந்த இளைஞன் சிங்களத்திலே கூவி விற்க, காலியிலிருந்து வந்த முதியவர் உடைந்த தமிழிலே விலை பேசுவார். இவற்றை வேடிக்கை என்று கண்டு நகைத்துச் செல்வது எளிது. இவை எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தன, எவர் தேவைக்காக வந்தன, அத்தேவை ஒழிந்த பின்னும் ஏன் எஞ்சி நிற்கின்றன என்று வினவினால், நகைப்புக்கு அப்பாற்பட்ட ஒரு கதை புலனாகும்.

முதல் வினோதம் அப்பகுதியின் பெயரிலேயே இருக்கிறது. புறக்கோட்டை என்பது கோட்டைக்குப் புறம்பாயுள்ள இடம். கோட்டை எங்கே? ஆங்கிலேயர் 1869ஆம் ஆண்டளவில் அதன் மதில்களை இடிக்கத் தொடங்கிவிட்டனர். பீரங்கிக்குரிய காலம் போய்த் தேயிலைப் பெட்டிக்கும் கோப்பி மூடைக்கும் உரிய காலம் வந்துவிட்டதால், மதில் வணிகத்துக்கு இடைஞ்சலாயிற்று. மதில் போய் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் ‘புறம்’ போகவில்லை. இதைவிட வேடிக்கை, கோட்டைப் புகையிரத நிலையம் என்று நாடெங்கும் பயணச்சீட்டில் அச்சிடப்படும் நிலையம் நிற்பது புறக்கோட்டையிலே! 1917 முதல் அது அங்கேயே நிற்கிறது.

போர்த்துக்கேயர் காலத்து நகர மதில் இன்றைய புறக்கோட்டையையும் உள்ளடக்கியதாயிருந்தது. ஏழு மாத முற்றுகையின் பின் அந்நகரைப் பிடித்த ஒல்லாந்தர், அத்துணைப் பெரிய நகரைக் காத்துநிற்க இயலாதென்று கண்டு அதனை இரண்டாக வெட்டினர். மேற்கே கும்பனியின் கோட்டை. கிழக்கே ‘பழைய நகர்’ என்று தம் மொழியில் அவர்கள் அழைத்த குடியிருப்பு. ஆக, உள்ளே இருந்தவர்கள் ஒரு கோடு கிழிக்கப்பட்டதனால் வெளியார் ஆயினர். பின்னர் வந்த ஆங்கிலேயர் அப்பகுதியைப் ‘பெட்டா’ என்றனர். அது ‘பேட்டை’ என்னும் தமிழ்ச் சொல்லே. தென்னிந்தியாவில் கோட்டைகளை அடுத்திருந்த வணிகக் குடியிருப்புகளைக் குறித்து அவர்கள் பழகிய சொல். தமிழ்ச் சொல்லை ஆங்கிலேயர் வழங்க, தமிழரும் சிங்களவருமோ ‘புறக்கோட்டை’ என்றும் ‘பிட்டகொட்டுவ’ என்றும் மதிலின் உள்ளே நிற்பவனின் கண்கொண்டு தம் இருப்பிடத்துக்குப் பெயரிட்டுக்கொண்டனர். அடிமைப்பட்ட மக்களின் மனநிலைக்கு இதனினும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை என்று நண்பர் ஒருவர் கூறுவார். அத்துணைதூரம் செல்ல நான் விரும்பவில்லை. மதில் கண்முன் நின்றது. மக்கள் அதைப் பார்த்துப் பெயரிட்டனர்.

பழைய நகரின் கிழக்கு வாயிலுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் முதலை வாசல் என்று பொருள்படும். அகழியிலும் ஏரியிலும் முதலைகள் இருந்தன. இன்று ‘கைமன்ஸ் கேற்’ என்று வழங்கும் அவ்விடத்தில் வாயிலும் இல்லை, முதலையும் இல்லை. ஒரு மணிக்கூண்டு மாத்திரம் நிற்கிறது. அதில் தொங்கிய மணி கோட்டேயில் இருந்த போர்த்துக்கேயரின் தேவாலயத்துக்குரியது என்பர். கத்தோலிக்கரின் மணியைச் சீர்திருத்தச் சபையினரான ஒல்லாந்தர் எடுத்துத் தம் நகர வாயிலில் தொங்கவிட்டனர். பூசைக்கு அழைத்த மணி பின்னர் நகரவாசிகளின் நேரத்தை ஒழுங்குசெய்யும் மணியாயிற்று. இப்போது அதன் கீழே நிற்பவருக்கு மணியின் நாவைவிடப் பஸ் வண்டிகளின் ஊதுகுழலே அதிகம் கேட்கும்.

அவ்விடத்திலிருந்து மேடேறினால் ‘வுல்பெண்டால்’ தேவாலயம். 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த இக்கோயிலின் பெயர் ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ எனப் பொருள்படும். இலங்கையில் ஓநாய் வாழ்ந்ததாக எந்த விலங்கியலாரும் கூறவில்லை. அந்த மேட்டில் முன்பு போர்த்துக்கேயரின் குவாதலூப்பே மாதா கோயில் இருந்ததென்றும், அப்பெயர் ‘ஆகுவா தெ லூப்பே’ எனத் திரிந்து, ‘லூப்பே’ என்பதை ஓநாயைக் குறிக்கும் சொல்லாக மயங்கிய ஒல்லாந்தர் அதை மொழிபெயர்த்துவிட்டனரென்றும் விளக்கம் கூறப்படுகிறது. ஆட்சியாளரின் ஏட்டில் மாதா ஓநாயாகிவிட, ஏடறியாத உள்ளூர் மக்களின் நாவிலோ ‘ஆதிருப்பு’ என்று பழைய பெயரின் ஓசை பிழைத்திருந்தது. பேச்சுவழக்கைக் கொச்சையென்று ஒதுக்கும் பண்டிதர்கள் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

மணிக்கூண்டுக்கு அண்மையில் நிற்கும் பழைய நகர மண்டபம் நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டியது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றிய கொழும்பு மாநகரசபைக்காக 1873இல் எழுந்த கட்டடம் அது. 1928இல் கறுவாத்தோட்டத்துக்கு அருகே வெள்ளை மாளிகையொன்றைக் கட்டிக்கொண்டு சபை சென்றுவிட்டது. பின்னாளில் பழைய கட்டடத்தில் அரும்பொருட்சாலை அமைத்தவர்கள், மேல்மாடியில் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி ஆளுயரப் பொம்மைகளை அமர்த்தி, அக்காலத்துச் சபைக்கூட்டமொன்றைக் காட்சியாக்கினர். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, ஏதோ தீர்மானத்தை விவாதிக்கும் பாவனையில் அவர்கள் உறைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் முதலில் அஞ்சுவர், பின் சிரிப்பர்.

சிரிப்பதற்குரிய காட்சிதான். எனினும் அம்மேசையில் அமர்ந்தவர்கள் யாவர் என்று கேட்கவேண்டும். சொத்துடையோர்க்கே வாக்குரிமை இருந்த அந்நாளில், நகரின் தெருக்களைப் பற்றிய விதிகளை ஆக்கும் உரிமை, அத்தெருக்களில் வெறுங்காலுடன் நடந்தோர்க்கு இருக்கவில்லை. 1906இல் கொழும்பின் மாட்டுவண்டிக்காரர்கள், மாநகரசபையின் ஒழுங்குவிதி தம் தொழிலை நெருக்குகிறதென்று எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். துறைமுகத்துக்கும் பண்டசாலைகளுக்கும் இடையே சரக்கு நகரும் வழி அந்த வண்டிகளே. அவை நின்றபோது நகரின் வணிகம் தடுமாறியது. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தோற்றத்தை ஆராய்ந்த குமாரி ஜயவர்தனா இப்போராட்டத்தை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். தொழிற்சங்கம் என்ற சொல்லே நாட்டில் அரிதாயிருந்த காலம். எழுத்தறிவில்லாத வண்டிக்காரர்கள் அந்த ஒற்றுமையைக் காட்டினர். அவர்கள் எதிர்த்த சபை கூடிய இடம் இந்த மண்டபமே. அரும்பொருட்சாலையில் உறுப்பினர்களுக்கு உருவம் சமைத்தவர்கள், வாசலிலே வண்டியை அவிழ்த்துவிட்டு நின்ற ஒருவனுக்கும் ஓர் உருவம் சமைத்திருக்கலாம். கீழே பழைய நீராவித் தெருவுருளைகளும் இயந்திரங்களும் பத்திரப்படுத்தப்பட்டிருக்கின்றன. உருளை இருக்கிறது, ஓட்டியவன் இல்லை.

பிரதான வீதி தொடங்குமிடத்தில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுருக்கமாகக் குறிப்பிட்டு மேலே செல்வோம். பம்பாயிலிருந்து வந்த பார்சி வணிகரான பிராம்ஜி பிக்காஜி கான் என்பவரின் நினைவாக அவர் மைந்தர்கள் 1923இல் எழுப்பியது. அக்குடும்பத்தினர் கொழும்பில் எண்ணெய் ஆலை நடத்தியவர்கள். தந்தைக்கு மைந்தர் ஆற்றிய கடனாகவே கல்வெட்டு இதனைக் கூறும். ஆனால் ஆண்டைக் கவனிக்கவேண்டும். ஏ. ஈ. குணசிங்காவின் இலங்கைத் தொழிற்சங்கம் 1922இல் தோன்றியது. கொழும்பின் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது 1923இல். முதலாளி நகருக்கு மணிக்கூடு ஈந்த அதே ஆண்டிலே தொழிலாளர் மணிக்கணக்கைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பேரம் பேசத் துணிந்தனர். இவ்விரண்டும் திட்டமிட்டு ஒன்றையொன்று நோக்கி நிகழவில்லை. கைக்கடிகாரம் கட்டாத ஒரு வர்க்கம் நேரத்தின் விலையைக் கணிக்கத் தொடங்கிய காலம் அது என்பது மட்டும் உறுதி.

இரண்டாம் குறுக்குத்தெருவின் சிவப்புப் பள்ளிவாசலைக் காணாது புறக்கோட்டையைக் கண்டதாகச் சொல்லமுடியாது. செங்கல்லும் வெள்ளைச் சாந்தும் பட்டை பட்டையாய் அமைய, மாதுளங்கனி வடிவக் கும்மட்டங்களுடன் மிட்டாய்போல நிற்கும் அக்கட்டடம் 1908இல் தொடங்கி 1909இல் நிறைவெய்தியது. இதனைத் திட்டமிட்ட சாய்பு லெப்பை முறையான கட்டடக்கலைப் பயிற்சி பெறாதவர். துறைமுகத்தை நோக்கிவந்த மாலுமிகளுக்கு இது அடையாளமாய் விளங்கியதென்பர். ஜாமிஉல் அல்பார் என்ற அரபுப் பெயர் இதற்குண்டு. தமிழ் வழக்கில் ‘சம்மாங்கோட்டுப் பள்ளி’. ‘சம்மான்’ என்பது சம்பான் எனும் சிறு மரக்கலம். அதில் வந்தவர் சம்மான்காரர். தென்னிந்தியக் கரையிலிருந்து துணியும் உணவுப்பொருளும் கொண்டுவந்து விற்ற தமிழ்பேசும் முஸ்லிம்கள்.

பள்ளி எழுந்து ஆறாண்டு கழியுமுன் 1915ஆம் ஆண்டுக் கலவரம் மூண்டது. யுத்தகால விலையேற்றத்தால் மக்கள் அடைந்த கோபம், விலையை நிர்ணயித்த ஏகாதிபத்திய வர்த்தகத்தின்மேற் செல்லாமல், கண்முன் கடைவைத்திருந்த கரையோர முஸ்லிமின்மேல் திருப்பப்பட்டது. புறக்கோட்டைக் கடைகள் சூறையாடப்பட்டன. அதன்பின் அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1983 யூலை 25ஆம் திகதி, அதே தெருக்களில் தமிழர் கடைகள் எரிந்தன. இரண்டு நெருப்புக்கும் காரணங்கள் வேறுவேறு. ஆயினும், சிறு கடைக்காரனைச் சுரண்டலின் முழு உருவமாகக் காட்டி, ஏழையின் கையில் தீப்பந்தத்தைக் கொடுக்கும் தந்திரம் இரண்டிலும் ஒன்றே.

இனிச் செட்டியார் தெரு. தமிழில் செட்டியார் தெரு. சிங்களத்தில் ஹெட்டி வீதிய. ஆங்கிலத்தில் மட்டும் கடல் தெரு. நாட்டு மொழிகள் இரண்டும் மனிதரைப் பார்த்தன, ஆங்கிலம் நீரைப் பார்த்தது. 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் முடித்த அலைதாங்கியும் அதைத் தொடர்ந்த துறைமுக விரிவும் கடலைத் தெருவிலிருந்து மறைத்துவிட்டன. செட்டிமாரும் மறைந்த விதம்தான் சிந்திக்கத்தக்கது. வெள்ளையர் வங்கிகள் உள்நாட்டவனுக்குக் கடன் கொடுக்காத காலத்தில், அவ்வங்கிகளில் பணம் பெற்று உள்ளூர் வணிகனுக்கும் தோட்டக்காரனுக்கும் உயர்ந்த வட்டிக்குக் கொடுத்த இடைத்தரகர் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். 1929இன் பின் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்கள் முடங்கின. அடகு வைத்த காணிகள் கைமாறின. செட்டியார்மீது பெருவெறுப்பு எழுந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எஞ்சியோரின் நிலையையும் நிச்சயமற்றதாக்கியது. அவர்கள் கட்டிய கதிரேசன் கோயில்களும், அங்கிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் ஆடிவேல் விழாவும், தெருவின் பெயரும் எஞ்சின. கடைகள் நகைக்கடைகளாயின, அடகு மட்டும் ஓயவில்லை.

இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது செட்டியாருக்காக இரங்குவோர் பலருண்டு. அதே சட்டம் நாடற்றவராக்கிய லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்க்குச் சென்னையில் வீடும் வைப்பும் இருக்கவில்லை. அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் மலையிலிருந்து இறங்கி வேலைதேடி வந்த இடங்களில் ஒன்று புறக்கோட்டை. இங்கேதான் இத்தெருக்களின் உண்மையான வினோதத்தை அடைகிறோம். அவ்வினோதம் ஒரு சொல்.

தமிழகத்துக் கிராமத்தில் நாட்டாமை என்றால் ஊர்த்தலைவன். ஆலமரத்தடியில் அமர்ந்து தீர்ப்புக் கூறுபவன். துண்டைத் தோளில் இட்டவன் எழுந்து நிற்கவேண்டியவன். நாட்டை ஆளும் தன்மை நாட்டாண்மை. அதன் மரூஉ நாட்டாமை. கொழும்பிலோ, மூடை சுமப்பவரும் கரத்தை இழுப்பவரும் நாட்டாமை. சிங்களத்திலும் ‘நாட்டாமி’ என்றே வழங்கும். தமிழகத்திலிருந்து வரும் நண்பர்கள், “நாட்டாமையைக் கூப்பிட்டு இந்தப் பெட்டியைத் தூக்கச் சொல்லுங்கள்” என்று யாராவது சொல்லக் கேட்டால் திகைத்துப்போகின்றனர். தலைவனின் பட்டம் தலைச்சுமைக்காரனுக்கு எவ்வாறு வந்தது?

என் கருத்தை ஊகமென்றே கூறுகிறேன். துறைமுகத்திலும் பண்டசாலையிலும் வேலையாட்கள் தனித்தனியே அமர்த்தப்படவில்லை. தோட்டத்தில் கங்காணி ஆட்களைத் திரட்டியதுபோல, நகரிலும் ஒரு தலைவனின்கீழ் ஒரு கூட்டம் இயங்கியது. பேசிய கூலியை அவனே வாங்கிப் பங்கிட்டான். ஊரில் நாட்டாமை என்று வழங்கிய சொல் இக்கூட்டத்தலைவனைக் குறித்து, நாளடைவில் கூட்டத்தில் உள்ள எல்லாரையும் குறித்திருக்கலாம். முதலாளிமார் ஒருவித ஏளனத்துடன் அவ்வாறு அழைத்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும் இத்துடன் மற்றொரு சொல்லை ஒப்புநோக்கவேண்டும். கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். அச்சொல்லை ஐரோப்பியர் எடுத்து, ஊதியத்தைக் குறிப்பதை விட்டு உழைப்பவனையே குறித்து, உலகின் பல துறைமுகங்களிலும் இழிசொல்லாக்கினர். ஊதியத்தின் பெயரை மனிதனுக்கு வைத்தது ஏகாதிபத்தியம். ஆட்சியின் பெயரைச் சுமந்துகொண்டு மூடையையும் சுமப்பவன் கொழும்பு நாட்டாமை.

அவர் சுமக்கும் கருவிகளின் பெயரும் கடல் கடந்தவை. கரத்தை போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. மூடை சென்று சேரும் ‘குதம்’ இன்னும் பெரிய பயணம் செய்தது. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி. அது மலாயத்துறைகளில் ‘கூடாங்’ ஆகி, போர்த்துக்கேயர் வாய்வழியே ஐரோப்பிய மொழிகளிற் புகுந்து, மறுபடி நம் கரைக்கு வந்தபோது நாம் அதை அடையாளம் காணாது குதம் என்று புதிதாக வரவேற்றோம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கொள்கை. கடல்கடந்து சென்ற செட்டிமாரும் தம் தொழிலகத்தைக் கிட்டங்கி என்றே வழங்கினர். ஒரே சொல், பணம் வைத்திருந்தவனுக்குக் கிட்டங்கி, பாரம் இறக்குபவனுக்குக் குதம்.

நான்காம் குறுக்குத்தெருவில் காலையில் நின்று பார்த்தால் இவர்களின் தொழில்நுட்பம் புலப்படும். நீண்ட மரச்சட்டமும் இரண்டு சில்லுகளும் கொண்ட கரத்தையிலே சீனி மூடைகளை, முன்பாரமும் பின்பாரமும் ஒத்திருக்கும்படி அடுக்கவேண்டும். முன்பாரம் மிகுந்தால் இழுப்பவரின் இடுப்பு முறியும். பின்பாரம் மிகுந்தால் அவரையே மேலே தூக்கிவிடும். ஐம்பது கிலோ மூடையைத் தலையில் ஏற்றும்போது சும்மாட்டை வைக்கும் கோணம் தப்பினால் கழுத்து நிரந்தரமாகக் கெட்டுப்போகும். லொறிகளும் முச்சக்கரவண்டிகளும் நிறைந்த தெருவில், நிறுத்துவதற்குத் தன் குதிகாலைத் தவிர வேறு பிரேக் இல்லாத வண்டியை ஒருவர் இழுக்க இருவர் தள்ளுகின்றனர். இதனை ‘உடலுழைப்பு’ என்று ஒரு சொல்லில் அடக்கி, அறிவுக்கு இதில் இடமில்லை என்பதுபோல எழுதுபவர் ஒரு முறையாவது அக்கரத்தையின் ஏர்க்காலைப் பிடித்துப் பார்க்கவேண்டும்.

கூலி மூடைக்கணக்கில். சரக்கு வராத நாளில் வருமானமில்லை. 1958ஆம் ஆண்டு இலங்கைத் தொழிலாளர்க்குக் குறிப்பிடத்தக்க ஆண்டு: துறைமுகச் சரக்குப் பணி அரச கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது, ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் அவ்வாண்டிலே நிறைவேறியது. 1923இலும் 1927இலும் 1947இலும் வேலைநிறுத்தங்களில் தொழிலாளர் சிந்திய குருதிக்கும் இழந்த வேலைகளுக்கும் கிடைத்த பயன்களுள் இவையும் சேரும். துறைமுக மதிலுக்குள் மூடை தூக்கியவர் இதன்மூலம் ஊழியரானார். மதிலுக்கு வெளியே, சில நூறு யார் தூரத்தில், அதே மூடையை அதே முறையில் தூக்கிய நாட்டாமை ஊழியராகவில்லை. ஒரு நாளில் பத்துக் கடைக்குச் சுமப்பவருக்கு எந்தக் கடைக்காரர் முதலாளி? சட்டம் இக்கேள்வியைக் கேட்டுவிட்டு மௌனமாயிற்று. இம்முறையும் ஒரு மதில், ஒரு புறம்.

நம் இயக்கமும் இவ்விடத்தில் தன்னைத் தானே நோக்கவேண்டும். 1920களில் நகரத் தொழிலாளரை இன வேறுபாடின்றித் திரட்டிய குணசிங்கா, மந்தம் வந்த 1930களில் மலையாளத் தொழிலாளர்க்கு எதிரான கிளர்ச்சியின் முன்னணியில் நின்றார். வேலையில்லாச் சிங்களத் தொழிலாளியின் பசி உண்மையானது. அதற்கு மலையாளியை விடையாகக் காட்டியது பொய். 1935இல் தோன்றிய இடதுசாரிக் கட்சி இதனை எதிர்த்து நின்ற காலம் பெருமைக்குரியது. ஆனால் பின்வந்த பல பத்தாண்டுகளில், ஆலையும் துறைமுகமும் புகையிரதமும் பெற்ற கவனத்தை, சங்கம் அமைக்கச் சிரமமான, நாளுக்கொரு கடையில் உழைக்கும் புறக்கோட்டைத் தொழிலாளர் பெறவில்லை. மலையகத்தவரும், கொழும்பில் ‘தோட்டம்’ என்று வழங்கும் நெருங்கிய குடிசைத் தொகுதிகளிற் பிறந்தவர்களும், தூரச் சிங்களக் கிராமத்தவரும், முஸ்லிம்களும் ஒரே கரத்தையை இழுக்கும் தெரு அது. இன ஒற்றுமை குறித்து நாம் மேடைகளில் பேசியதை அவர்கள் மேட்டில் வண்டி ஏற்றும்போது நாள்தோறும் செய்துகொண்டிருந்தனர். 1983இல் அது அவர்களையும் காப்பாற்றவில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

அண்மைக்கால மாற்றங்கள் விரைவானவை. நடைபாதை வியாபாரிகளை ஒழுங்குபடுத்தவென 2014இல் நீர்மேல் ‘மிதக்கும் சந்தை’ திறக்கப்பட்டது. நடந்துபோகிறவன் கண்ணிற் பட்டதை வாங்குவதே நடைபாதை வணிகத்தின் உயிர். வாங்க வேண்டுமென்று முடிவுசெய்து பாலம் கடந்து போகிறவனை நம்பி அத்தொழில் நடக்காது. சில ஆண்டுகளில் அச்சந்தை பொலிவிழந்தது. நடைபாதை மறுபடி நிறைந்தது. 2020 நவம்பரில் மரக்கறி, பழவகைகளின் மொத்த வியாபாரம் நடைபெற்ற மெனிங் சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. நெரிசல் குறைந்தது உண்மை. பழைய சந்தையின் சேறும் அழுகலும் எவரும் ஏங்கிப் பாடத்தக்கவை அல்ல. ஆனால் சந்தையை மாற்றும் திட்டத்தில் கடைகளுக்கு இலக்கமிருந்தது, லொறிகளுக்குத் தரிப்பிடமிருந்தது. கரத்தை இழுத்தவர் அந்த வரைபடத்தில் எக்கட்டத்தில் நின்றார்? பிறகு 2022இன் நெருக்கடி. பணவீக்கம் செப்ரெம்பரில் ஏறக்குறைய 70 வீதத்தை எட்டியது. நான்காம், ஐந்தாம் குறுக்குத்தெருக்களில் சீனியும் பருப்பும் கருவாடும் வெங்காயமும் விலையேறின. விலை ஏறியதால் மூடைகள் குறைந்தன. மூடைகள் குறைந்ததால் கூலி குறைந்தது.

இதற்கிடையே புறக்கோட்டை ‘மரபுரிமை’ ஆகிறது. ஒல்லாந்தத் தேசாதிபதியின் மாளிகையாக எழுந்து, பின் மருத்துவமனை, தபாலகம் எனப் பல வேடம் புனைந்த பிரின்ஸ் வீதிக் கட்டடம் 1982இல் அரும்பொருட்சாலையானது நல்லதே. சிவப்புப் பள்ளியின் முன் வெளிநாட்டார் வரிசையாக நின்று படம் எடுக்கிறார்கள்; அதுவும் நல்லதே. படத்தில் குறுக்கிடும் கரத்தையைச் சிலர் விலகச் சொல்கின்றனர். சிலர் அதனையே ‘பழமை’ என்று விரும்பி எடுக்கின்றனர். போக்குவரத்துக்கு இடையூறு என்றும் பார்ப்பதற்கு அழகு என்றும் இருவகையாகவும் பேசப்படும் அம்மனிதரின் மருத்துவச் செலவையோ முதுமையையோ பற்றி இருசாராரும் பேசுவதில்லை. தாமரைக் கோபுரத்தின் உச்சியில் ஏறி நிற்பவர்க்கு அவர் தலையிலுள்ள மூடையும் தெரியாது.

பேலியகொடையிலுள்ள புதிய கட்டடத்துக்கும் மெனிங் சந்தை என்றே பெயர். 1918 முதல் 1925 வரை இந்நாட்டை ஆண்ட தேசாதிபதி வில்லியம் மெனிங்கின் பெயர், அவர் இறந்து பல பத்தாண்டுகளின் பின், லொறிகளில் ஏற்றிய மரக்கறியோடு களனி ஆற்றுக்கு அப்பால் சென்று குடியேறியிருக்கிறது. அங்கே பாரம் இறக்குவோரும் நாட்டாமைகளே. புறக்கோட்டையில் எஞ்சிய கரத்தைகள் பிற்பகலில், சரக்கு லொறிகள் ஓய்ந்தபின், சுவரோரம் ஏர்க்கால் மேல்நோக்கியிருக்கச் சாய்த்து வைக்கப்படுகின்றன. சில கரத்தைகளின் பலகைமேல் அவற்றை இழுத்தவர்கள் சாரத்தைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறார்கள்.